ஜல்தி ஓடும் நிலம்

இருதயமேரி அடுப்பில் கேப்பைக் கூழைத் துழாவிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் ஜல்தி வந்து நின்றது தெரிந்தது. குரைக்கவில்லை. ஓடி வந்த மூச்சும், சிமெண்டுத் தரையில் நகம் உரசுவதும்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தவள் துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். நாயின் வாயில் ஒரு கீரி தொங்கிக்கொண்டிருந்தது.

ஜல்தி எதையாவது கவ்வி வருவது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பெருச்சாளி வரும், ஓணான் வரும், வேலிகாத்தான் புதரிலிருந்து கவுதாரி வரும். போன மழைக்கு ஆள் நீளச் சாரைப்பாம்பு ஒன்று வந்தது. தின்னாது. துணி துவைக்கிற கல்மேல் கொண்டுவந்து கிடத்திவிட்டு மேரியின் முகத்தைப் பார்த்தபடி உட்காரும். "சரி, பாத்துட்டேன் போ" என்று அவள் சொன்ன பிறகுதான் எழுந்து போகும். பார்வைக்குப் பெரிய நாயும் இல்லை. செம்மண் நிறம், ஒட்டிய வயிறு, நரம்பு தெரிகிற கால்கள். மேரியின் அண்ணன் கொடுத்த பெட்டைக் குட்டி. வந்த அன்றைக்கே எல்லோர் காலுக்குள்ளும் புகுந்து புகுந்து ஓடியதைப் பார்த்து மகள் மலர்விழி ஜல்தி என்று பேர் வைத்தாள். மலர்விழி இப்போது நர்சிங் முடித்துச் சென்னையில் வேலையில் இருக்கிறாள். நாய் மேரியோடு தங்கிவிட்டது.

ஆனால் இந்தக் கீரியை மேரிக்குத் தெரியும். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பிரபாவதி டீச்சர் வீடு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். வெயில் ஏறுவதற்கு முன் ஒரு ஜோடிக் கீரி அவர் தோட்டத்து வாழையடிக்கு வரும். டீச்சர் கொட்டாங்கச்சியில் முட்டையை உடைத்து ஊற்றி வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கீரி முகத்தில் விழித்தால் நாள் நன்றாகப் போகும் என்று மேரியிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

புதைத்துவிடலாம். முருங்கை மரத்தடியில் ஒரு முழம் தோண்டினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் செய்ய மேரிக்கு மனம் வரவில்லை. அடுப்பை அணைத்தாள். பழைய துண்டு ஒன்றில் கீரியைச் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி டீச்சர் வீட்டு கேட்டுக்குப் போனாள்.

"டீச்சர், நம்ம ஜல்தி மதிலத் தாண்டி வந்து புடிச்சிட்டா. தப்புதாங்க. அதான் நானே தூக்கினு வந்தேன்."

டீச்சர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இடையில் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"இன்னொன்னு எங்க?"

"தெரிலிங்க டீச்சர். ஓடியிருக்கும்."

"ஜோடியா வந்துகிட்டிருந்துது மேரி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணும் சொல்லலை. உங்க பழக்கம் வேற, எங்க பழக்கம் வேற. அந்த நாயும் அப்படித்தானே இருக்கும்."

அது மேரிக்கு எங்கேயோ போய்த் தைத்தது. பதில் சொல்வதற்குள், காலை நடை போய்க்கொண்டிருந்த கோகுலகிருஷ்ணன் சார் வந்து நின்றார். நகர் நலச்சங்கத்துத் தலைவர்.

"என்ன டீச்சர் அது? அடப்பாவமே. கொஞ்சம் துண்ட வெலக்கிப் புடிம்மா."

எதற்கு என்று தெரியாமலே மேரி பிடித்தாள். அவர் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

நுழைவு வளைவில் பொன்னி அவென்யூ என்று எழுதியிருந்தாலும் பக்கத்தில் ஆறு எதுவும் கிடையாது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் நாலு தெரு. பாதி மனைகளில் வீடு, மீதியில் வேலிகாத்தான். முன்பு இது முழுக்க மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை விளைந்த மண். கல்யாணமான புதிதில் மேரி இதே கொல்லையில் கூலிக்குக் காய் ஆய்ந்திருக்கிறாள். தன் சமையற்கட்டு எந்த வரப்பின் மேல் நிற்கிறது என்றுகூட அவளால் சொல்ல முடியும். யாரிடமும் சொன்னதில்லை. ஏரிக்கரைக் காலனியிலிருந்து வந்து இந்த நகரில் வீடு கட்டிய ஒரே குடும்பம் அவர்களுடையது. அவள் கணவன் தென்னரசு மின்வாரியத்தில் வயர்மேன். குடிவந்து இரண்டு வருடத்துக்குள் நாலு தெருவிலும் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே ஆண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சார். அவன் மட்டும் தென்னரசு.

மில்லில் மேரிக்குப் பருப்பு பொறுக்குகிற வேலை. உடைத்துச் சலித்து மலையாகக் குவித்த மல்லாட்டைப் பருப்பில் சொத்தை, சுருங்கல், கல் எல்லாவற்றையும் விரல்களே தேடிக்கொள்ளும். கண் பக்கத்து ஆளின் பேச்சில் இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே புரட்டாசிப் புழுக்கம். தோல் தூசி வேர்வையில் ஒட்டிக்கொண்டு எல்லோர் கையும் செங்கல் நிறமாகியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில்தான் போனை எடுத்தாள். நகர் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் படம். தலை கலைந்து, கையில் துண்டும் கீரியுமாக நிற்கிறாள். அவளே அடித்துக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள்.

கூட வேலை செய்யும் அன்புச்செல்வி போனை வாங்கி வாசித்தாள்.

"கீரியக் கொன்னா ஜெயிலாமே. நாளைக்கு நம்ம புள்ளைங்க மேல பாயாதுன்னு இன்னா கேரண்டின்னு ஒருத்தரு கேக்கறாரு. வேட்டைக்குப் பழக்கின நாயெல்லாம் ஊர்லயே வுட்டுட்டு வரணும், நகர்னா நகர் மாதிரி இருக்கணும்னு இன்னொருத்தரு. அதுக்கு பத்து பேரு கை கும்பிட்டுக்கீறாங்க."

"யாரு அது, கடசியா போட்டது?"

"பேரு இல்ல, நம்பர்தான் கீது. இன்னாக்கா, நீ எதுக்கு வெவரம் இல்லாம எடுத்துக்கினு போயி காமிச்ச. எங்கனா தள்ளிட்டு கம்முனு வந்திருக்கலாம்ல."

"கொன்னது எங்க நாயி. போயி சொல்லாம ஒளிச்சு வெப்பாங்களா?"

அன்புச்செல்வி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். "நீ சொன்ன. அவுங்க போட்டா எடுத்துக்கினாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் கோகுலகிருஷ்ணன் சார் வீட்டுக்கே வந்தார். தென்னரசு அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, யூனிஃபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டான். மேரி டீ வைத்துக் கொடுத்தாள். சார் டம்ளரை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தார். "இப்பதாம்மா வீட்ல குடிச்சிட்டு வந்தேன்" என்றார். டீ அங்கேயே ஆறி ஏடு கட்டியது.

"தப்பா எடுத்துக்காத தென்னரசு. எனக்கு ஒண்ணுமில்ல. ஆளாளுக்கு போன் பண்றாங்க. ஃபாரஸ்டுக்கு எழுதணுங்கறாங்க. நான்தான், நம்ம தென்னரசு சொன்னா கேட்டுக்குவான்னு தடுத்து வெச்சிருக்கேன்."

"சரிங்க சார்."

"உங்களுக்குத்தான் ஊர் இருக்கே. பிரம்மதேசம் பக்கம் இந்தம்மா அண்ணன் வீடுதானே? காடு கழனின்னு தாராளமா கெடக்கும். நாய்க்கும் அதுதான் நல்லது. இங்க கொண்டாந்து அடைச்சு வெச்சு, பாவம்."

"சரிங்க சார். பாக்கறேன் சார்."

மேரி சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். "இன்னா சரிங்க" என்றாள் புருசனைப் பார்த்து. பிறகு சார் பக்கம் திரும்பினாள். "சார், மூணாவது தெருவுல டாக்டர் வூட்டு நாய் கொரியர் ஆளக் கடிச்சுது. ரத்தம் சொட்டச் சொட்டப் போனான். அப்ப குரூப்புல போட்டா எதனா வந்துச்சுங்களா?"

"அது ட்ரெய்னிங் குடுத்த நாய்ம்மா. ஏதோ ஆக்சிடெண்ட். இது வேட்டை நாய். ரெண்டும் ஒண்ணா?"

"வேட்டை நாய்தான் சார். நான் இல்லன்னு சொல்லல. எலிய வுட்டா தொரத்தும், அணில வுட்டா தொரத்தும். ஒரு ஆளப் பாத்து இதுவரைக்கும் ஒரு வாட்டி பல்லக் காமிச்சது கெடயாது."

"மேரி, உள்ள போ" என்றான் தென்னரசு.

சார் எழுந்தார். வாசலில் படுத்திருந்த ஜல்தி தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் செருப்பு மாட்டினார்.

அவர் போன பிறகு தென்னரசு ஆறிய டீயை எடுத்து வாஷ்பேசினில் ஊற்றினான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மேரியைப் பார்க்காமலே பேசினான்.

"கம்பத்து மேல ஏறி எத்தினி வருசம் வேல செய்யறேன். எனக்கு கரண்டுன்னா பயம் கெடயாது. இந்தத் தெருவுல நடந்து வரதுக்குத்தான் பயமா கீது மேரி. யாருக்கு இன்னா பிடிக்கலன்னு பாத்துப் பாத்து கால வெக்க வேண்டியதா கீது. ஒரு நாய்க்காவ இருக்கற பேரயும் கெடுத்துக்கணுமா?"

"நாயி போயிட்டா பயம் போயிடுமா?"

அவன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுநாள் மில் விட்டு வந்தபோது சங்கிலி மட்டும் முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிய கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தென்னரசு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தான்.

"ஒங்கண்ணன் வூட்லதான் வுட்டுட்டு வந்தேன். அந்நியமா என்ன? வண்டில முன்னாடி உக்காந்துக்கினு சந்தோசமாத்தான் வந்துச்சு."

"அது ஒன்ன நம்பி வந்துச்சுய்யா" என்றாள் மேரி. அவனுக்குச் சோறு எடுத்து வைத்தாள், கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். அவள் சாப்பிடவில்லை. சங்கிலியைக் கழற்றி மண்ணைத் துடைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

காலையில் மில்லுக்கு வரவில்லை என்று அன்புச்செல்வியிடம் சொல்லி அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள். பிரம்மதேசத்தில் இறங்கி, சோழர் காலத்துக் கோயிலைத் தாண்டி, ஏரிக்கரையோடு நடந்தாள். வானம் மூட்டமாக இருந்தது. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாக் கொல்லையிலும் ஆட்கள் குனிந்திருந்தார்கள். பிடுங்கிய மல்லாட்டைச் செடியின் பச்சை வாசனையும் ஈர மண் வாசனையும் பாதை முழுக்கக் கூடவே வந்தன. அவள் அண்ணன் மண்ணாங்கட்டியும் அண்ணி கெங்கம்மாளும் காய் ஆய்கிற இடத்தை விசாரித்துப் போனாள். அண்ணனுக்கு ஞானஸ்நானப் பெயர் வேறு. முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் ஆத்தாள் இந்தப் பெயரிட்டுக் கூப்பிட்டாள், அதுவே நிலைத்துவிட்டது.

வரப்போரத்து வேப்பமரத்தில் ஜல்தியைத் தாம்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அது கயிற்றைக் கடித்துக் கடித்துப் பாதி அறுத்திருந்தது. மேரியைக் கண்டதும் பின்கால்களில் எழும்பி நின்றது. குரல் கம்மிப் போயிருந்தது.

"இன்னாண்ணா, இங்கியும் கட்டித்தான் போட்டுக்கினு கீற?"

"கட்டாம இன்னா பண்ணச் சொல்ற?" மண்ணாங்கட்டி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "வண்டிய வுட்டு எறங்கினதும் எறங்காததுமா ஒரு மொசலக் கெளப்பிட்டா. பாக்கணும் நீ, அப்படியே அவ ஆத்தா மாதிரி. மொசலு எந்தப் பக்கம் திரும்பும்னு மொசலுக்கே தெரியாது, இவளுக்குத் தெரியுது. தொரத்திக்கினு போயி மேலத்தெருக்காரு கொல்லைல பூந்துட்டா. ஆய்ஞ்சு வெச்ச காய் மேலயே ஏறி ஓடறா. சாயங்காலம் அவரு கட்டயத் தூக்கினு வூட்டாண்ட வந்து நின்னுட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு? எவன் நாயி, எவன் கொல்லைல ஓடறதுன்னாரு. இன்னொரு வாட்டி பாத்தா ஒரே போடுன்னாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்."

கெங்கம்மாள் மடியிலிருந்த காயைக் கூடையில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கட்ட கூடப் பரவால்ல மேரி. பன்னி வருதுன்னு கரண்டு கம்பி இழுத்து வெச்சிக்கீறாங்க. இவ ஆத்தாளப் பொணமா எங்க எடுத்தோம்? அந்தக் கம்பில தான எடுத்தோம். ஒங்க வூட்டுக்காரரு கரண்டு ஆபீசுல கீறாரு, அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கொண்டாந்து வுட்டுட்டுப் போறாரு. நான் ஒண்ணும் கேக்கல. அவரு மொகமே சரியில்ல."

மேரி மரத்தடியில் உட்கார்ந்தாள். ஜல்தி அவள் மடியில் தலையை வைத்து அழுத்திக்கொண்டது. அண்ணி தூக்குச்சட்டியைத் திறந்து களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் எடுத்து வைத்தாள். முந்தின நாள் பசிக்கு மேரி ஒரு உருண்டையை அப்படியே விழுங்கினாள். அடுத்ததில் பாதியை நாய்க்குக் கொடுத்தாள்.

"அங்க இன்னா சொல்றாங்க தெரியுமாண்ணா? ஒங்களுக்கு ஊரு கீது, காடு கழனின்னு தாராளமா கெடக்கும், நாயி ஓடட்டும்னு சொல்றாங்க."

மண்ணாங்கட்டிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாரு காடு, யாரு கழனி? எத்தினி தலமொறையா இந்த மண்ணக் கெளறிக்கினு கீறோம், ஒரு பிடி நம்மளுதா? வூடு கட்டிக்கீறது பொறம்போக்கு. தோ, இந்த நாயக் கட்டின மரம் இருக்கு பாரு, இதுகூட அவருது. நெழலுக்கு உக்காந்தாலும் அவரு பாத்துட்டா எழுந்துக்கணும். இங்க ஓட எடம் கீதுன்னு ஒனக்கு எவன் சொன்னது?"

"சொன்னவரு பெரிய மனுசன்தான்."

"வந்து ஓடிப் பாக்கச் சொல்லு."

தூரத்தில் வரப்பில் ஒரு மயில் நடந்து போனது. ஜல்தியின் காது இரண்டும் எழுந்தன. உடம்பு கயிறு முறுக்கின மாதிரி ஆகிவிட்டது. மேரி அதன் கழுத்தில் கையை வைத்தாள். தோலுக்குக் கீழே துடிப்பது கைக்குத் தெரிந்தது. இதை எப்படி நிறுத்துவது? எதற்கு நிறுத்துவது? பிறக்கும்போதே கொண்டு வந்தது.

"அண்ணி, நான் கூட்டிக்கினு போறேன்" என்றாள்.

"அதான் நானும் சொல்றேன்" என்றாள் கெங்கம்மாள். "நம்ம கூட்டத்துலயே நாலு பக்கமும் சொவுரு வெச்சு, இது என் எடம்னு சொல்றது நீ ஒருத்திதான். அவ அங்க ஓடாம வேற எங்க போயி ஓடுவா?"

மண்ணாங்கட்டி மட்டும் தங்கையை உற்றுப் பார்த்தார். "நாய இட்டுக்கினு போயிடுவ. தெனம் அவங்க மொகத்துலதான முழிக்கணும். சண்டன்னா ஒரு நாளோட முடியாது மேரி."

"முழிச்சிக்கறேன்ணா. அவங்களும் என் மொகத்துல முழிக்கட்டும்."

நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போகிற லோடு ஆட்டோவில் அண்ணன் சொல்லி ஏற்றிவிட்டார். அவள் மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஜல்தி காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றது. வழியில் தூறல் போட்டது. இரண்டு பேரும் நனைந்தார்கள். சாலையோரம் ஓடுகிற ஒவ்வொரு ஓணானுக்கும் நாயின் மூக்கு திரும்பித் திரும்பி வந்தது. மேரிக்கு இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

வளைவுக்கு முன்னால் இறங்கிக்கொண்டாள். பின்பக்கமாகப் போனால் சீக்கிரம் வீடு வந்துவிடும். எந்த வீட்டையும் கடக்க வேண்டாம். கைப்பையிலிருந்து சங்கிலியை எடுத்து மாட்டினாள். ஆனாலும் முதல் தெரு வழியாகவே நடந்தாள். மழை விட்ட சாயங்காலம். எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். பேச்சு நின்று நின்று அவள் போன பிறகு தொடர்ந்தது. பார்க்குக்கென்று விட்டிருந்த மனைக்குப் பக்கத்தில் கோகுலகிருஷ்ணன் சார்.

"என்னம்மா, திரும்பக் கொண்டாந்துட்டியா?"

"ஆமாங்க சார்."

"தென்னரசு என்கிட்ட வேற மாதிரி சொன்னானே."

"அவரு சொன்னது அவரு சொன்னது சார். நாய வளக்கறது நான்."

"ஞாயித்துக்கெழம மீட்டிங் இருக்கு. அங்க பேசித்தான் ஆகணும்."

"பேசலாம் சார். நானும் வர்றேன்."

வீட்டு வாசலில் தென்னரசு நின்றிருந்தான். அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான். ஜல்தி வாலை ஆட்டிக்கொண்டு அவன் காலை நக்கியது. அதற்கு அவன்மேல் ஒரு கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"மேலத்தெரு ஆளு கட்டயத் தூக்கினு வந்தாராம்" என்றாள் மேரி. "பன்னிக்குக் கம்பி இழுத்துக்கீறாங்களாம். ஒனக்கு தெரியாதா?"

அவன் தலை குனிந்தான். "தெரியும்" என்றான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அதே புடவையோடு மேரி மீட்டிங்குக்குப் போனாள். பார்க் மனையில் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் இரண்டு பேர்தான்: அவள், பிரபாவதி டீச்சர். தென்னரசு வெளியே வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டான். குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்து நாய்க்கு வந்தார்கள். ஒருவர் குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். ஒருவர் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். கலாச்சாரம் என்று ஒருவர் ஆரம்பித்து, மேரியைப் பார்த்ததும் வேறு வார்த்தை தேடினார்.

"நான் பேசலாங்களா?" என்றாள் மேரி. எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பேசினாள். "டீச்சர் தோட்டத்துல பூந்து கொன்னது தப்பு. அத மொத ஆளா நான்தான் வந்து சொன்னேன். இனிமே மதிலத் தாண்டி வராது, அதுக்கு கம்பி வலை கட்டறோம். மீறி வந்தா என் வூட்டுல வந்து கேளுங்க. ஆனா எங்க சொவுத்துக்குள்ள வர்றது எலியோ, அணிலோ, பாம்போ, அது அவளுக்கும் அதுக்கும். நாய் நாயாத்தான் இருக்கும். அத நானும் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது. ஊருக்கு அனுப்பு, ஊருக்கு அனுப்புன்னு சொல்றீங்க. எனக்கு ஊர்ல எதுவும் இல்லிங்க. இருக்கறது இங்கதான்."

கோகுலகிருஷ்ணன் சார் டீச்சர் பக்கம் திரும்பினார். "பாதிக்கப்பட்டவங்க நீங்க. சொல்லுங்க டீச்சர்."

பிரபாவதி டீச்சர் மடியிலிருந்த கைக்குட்டையை மடித்தார். "எனக்கு அந்த நாயப் பிடிக்கலை. இனிமேயும் பிடிக்கப்போறதில்லை. அந்த இன்னொரு கீரி திரும்ப வரவே இல்ல. ஆனா அவ மறைக்காம கொண்டுவந்து காமிச்சா. நான்தான் அன்னிக்கு பழக்கம், அது இதுன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். நீங்க அதை ஃபோட்டோ வேற எடுத்துப் போட்டீங்க. ரெண்டும் சரியில்ல. நான் எதுலயும் கையெழுத்துப் போடலை."

சார் முகம் இறுகியது. "அப்ப சங்கத்து சார்பா முனிசிபாலிட்டிக்கு எழுதிக் குடுக்கறதைத் தவிர வேற வழியில்ல."

"எழுதுங்க சார்" என்றாள் மேரி. "நாய் பேரு ஜல்தி. பிளாட் நம்பர் தெரியும் ஒங்களுக்கு. ஓனர் பேரு இருதயமேரின்னு போடுங்க. சொந்த வூடுன்னு சேத்து எழுதுங்க."

மனு போனது. ஒரு வாரம் கழித்து முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு ஆள் வந்தார். மலர்விழி லீவுக்கு வந்தபோது நாய்க்கு ஊசி போட்டு வாங்கி வைத்திருந்த சீட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், தெருவில் விடாதீங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபாரஸ்ட்டிலிருந்து யாரும் வரவில்லை. குரூப்பில் இன்னும் ஏதாவது எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் தெருவில் இரண்டு வீட்டுப் பெண்கள் மேரியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் எதிரே வந்தால் தலையசைப்பார்; அவ்வளவுதான். அந்த நகரில் வேறு ஒன்றும் மாறிவிடவில்லை.

தென்னரசு ஒரு லீவு நாளில் கம்பி வலை வாங்கி வந்தான். மதில்மேல் இரும்புக் குழாயை நட்டு, ஏணி போட்டு ஏறி, இடுக்கியால் முடுக்கிக் கட்டத் தொடங்கினான். மேரி கீழேயிருந்து வலையைப் பிடித்துக் கொடுத்தாள். வெயில் சுளீரென்று அடித்தது. அந்த வழியாக வந்த கோகுலகிருஷ்ணன் சார் நின்றார்.

"தென்னரசு, என் வீட்டு மோட்டார் காலையிலேர்ந்து எடுக்கலை. ஒரு எட்டு வந்து பாத்துடேன்."

இவர் கூப்பிட்டால் பாதிச் சோற்றில் எழுந்து போகிறவன் அவன். இப்போது ஏணியிலிருந்து இறங்கவில்லை. இடுக்கியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு முடிச்சை முடித்தான். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்.

"எங்க நாய்க்கு வேலி கட்டிக்கினு கீறேன் சார். நாளைக்கு வர்றேன்."

சார் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மேரி வலையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.

"போதுமா?" என்று மேலேயிருந்து கேட்டான். "மதிலோட சேத்து ஆறடி வருது."

மேரி ஜல்தியைப் பார்த்தாள். அது முருங்கை நிழலில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, வலையின் மேல்விளிம்பை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டிருந்தது. பின்கால்கள் மெல்ல மண்ணில் ஊன்றின.

"இன்னொரு அடி ஏத்திக் கட்டு" என்றாள் மேரி. "ஆறடிய அவ அசால்ட்டா தாண்டுவா."